அஷ்டமியில் கேட்டால் அமாவாசையில் ஆள் இருக்காது

கேள்வி: நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரிவு சமுதாய நலச் செவிலியம். மூன்று வயதில் மகன் இருக்கிறான். மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குக் கை கால் காயம், தோல் பிரச்சினை பற்றி வகுப்பெடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களுக்கு என்ன தெரிகிறது, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் தீசிஸ். சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) 200 பேர் என்று எழுதிவிட்டேன். டிசம்பரில் ஆரம்பித்து இந்த மார்ச் வரை 58 பேரிடம்தான் ப்ரீ டெஸ்ட் முடிந்திருக்கிறது. ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்டுக்குப் போனால் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. இதுவரை 19 பேர்தான் கிடைத்தார்கள். இருப்பவர்களிலும் பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். நடுவில் என் கைடு வேலையை விட்டுப் போய்விட்டார். ஜூலை கடைசியில் சமர்ப்பிக்க வேண்டும். தலைப்பை மாற்றிவிடலாமா? வகுப்பில் சிலர் பணம் கொடுத்து எழுதி வாங்குவதாகப் பேச்சு. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது.
(பெயர் வேண்டாம், பரமக்குடி)

பதில்:

தலைப்பை மாற்றாதீர்கள். இப்போது மாற்றினால் எத்திக்ஸ் கமிட்டி, கேள்வித்தாள், அதை ஐந்து நிபுணர்களிடம் காட்டிச் சரிபார்க்கும் வேலிடிட்டி, முன்னோட்டமாகச் செய்யும் பைலட் ஸ்டடி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜூலை அதிலேயே கரைந்துவிடும். உங்கள் தலைப்பில் குறை ஒன்றும் இல்லை. உள்ளூரைப் பார்த்து எடுத்த தலைப்பு. முப்பது வருஷமாக 'சர்க்கரை நோய் பற்றிய அறிவு' தீசிஸ்களைத் திருத்திய எனக்கு இதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஏழாம் நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் முயற்சியில் குறை இல்லை. நீங்கள் உள்நாட்டுக்காரர், கடற்கரையின் காலண்டர் உங்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ப்ரீ டெஸ்ட் எடுத்த தேதிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தினசரிக் காலண்டரில் அன்றைய திதியைப் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். பாசி எடுக்கும் பெண்கள் தினமும் கடலுக்குப் போவதில்லை. பல ஊர்களில் அமாவாசையை ஒட்டி ஐந்தாறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஐந்தாறு நாள்தான் போவார்கள். அப்போதுதான் கடல் நன்றாக வற்றும். மற்ற நாட்களில் வீட்டில் இருப்பார்கள். நீங்கள் போனபோது ஆட்கள் வீட்டில் இருந்தார்கள் என்றால் அது சப்தமி, அஷ்டமி மாதிரி நாளாக இருந்திருக்கும். நிம்மதியாக உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார்கள். அஷ்டமியிலிருந்து ஏழு நாள் எண்ணுங்கள், சரியாக அமாவாசையிலோ பௌர்ணமியிலோ வந்து நிற்கும். நீங்கள் போஸ்ட் டெஸ்ட் தாளோடு பஸ்ஸில் வந்து இறங்கும்போது அவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தீவுப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள்.

உங்களை நான் குறை சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் நான் தீசிஸ் செய்தபோது கீழக்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் 30 தாய்மார்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பற்றி வகுப்பெடுத்தேன். போஸ்ட் டெஸ்ட் அன்று போனால் ஊரில் ஆறு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த விழா இஸ்லாமிய நாட்காட்டியைப் பின்பற்றுவது, ஆங்கிலத் தேதியில் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். ஊரில் ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்த ஆறு பேர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஏழு நாள் இடைவெளியை மாற்ற வேண்டாம். மாற்றினால் அதற்கும் கமிட்டிக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டும். ஆரம்ப நாளை மட்டும் முன்னால் தள்ளுங்கள். சதுர்த்தி அன்று ப்ரீ டெஸ்டும் வகுப்பும் வைத்தால் ஏழாம் நாள் ஏகாதசி. இரண்டு நாளும் அவர்கள் கரையில் இருப்பார்கள். பஞ்சமியில் ஆரம்பித்தால் துவாதசிக்குப் போகும், அன்று சில ஊர்களில் படகு கிளம்பிவிடும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் இருக்கலாம். அதனால் காலண்டரை நம்பிப் போவதற்கு முன், அந்த ஊர்ப் பெண்களிடமே 'இந்தத் தடவை எப்போது இறங்குவீர்கள், எப்போது ஏறுவீர்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகமுள்ள ஊரில் ஞாயிறு என்றால் பூசை முடிந்த பிறகு போங்கள்.

அடுத்தது அந்த 200. அது எங்கிருந்து வந்தது? சீனியர் தீசிஸில் இருந்ததா? பொதுவாக அப்படித்தான் வரும். ஊரில் எத்தனை பேருக்குக் காயம் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வு என்றால், பாதிப் பேருக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டு 5% பிழைக்கு 384 பேரும், 10% பிழைக்கு 96 பேரும் வேண்டும். உங்களுடையது அந்த வகை இல்லை. ஒரே ஆளை வகுப்புக்கு முன்னும் பின்னும் அளக்கிறீர்கள். முன், பின் மதிப்பெண்களை ஒப்பிடும் இணை டி சோதனைக்கு, நடுத்தர அளவு மாற்றத்தை 80% வலுவோடும் (இருக்கும் மாற்றம் பிடிபடும் வாய்ப்பு) 5% முக்கியத்துவ மட்டத்தோடும் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) கண்டுபிடிக்க 34 பேர் போதும். நடுவில் விடுபடுபவர்களையும் சேர்த்து 40 என்று வைத்துக்கொள்ளலாம். இதை என் வார்த்தையில் எழுதாதீர்கள். கல்லூரிப் புள்ளியியலாளரிடம் கணக்குப் போட்டு ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதுவரை வந்த மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்றபடி எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. எவ்வளவு மாற்றம் வந்தால் அது பயனுள்ள மாற்றம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண்ணிக்கையைக் குறைத்ததையும் அதன் காரணத்தையும் தீசிஸில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். எழுதியிருந்தால் பதில் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். மறைத்திருந்தால் அந்த அரை மணி நேரமும் அதிலேயே போகும்.

40 பேரை வைத்துக்கொண்டு வயது, படிப்பு, வருமானம் என்று எதற்கும் எதற்கும் தொடர்பு என்று பார்க்கும் கை-வர்க்க (கை-ஸ்கொயர்) அட்டவணை பத்து போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கட்டத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. இரண்டு மூன்று காரணிகள் போதும். கட்டங்கள் சிறியதாக வந்தால் ஃபிஷர் சோதனை பற்றிக் கேளுங்கள்.

இருக்கும் 19 பேரோடு இன்னும் 21 பேரைச் சேர்த்தால் 40 ஆகிவிடுமே என்று கணக்குப் போடுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். எல்லோரும் கடலுக்குப் போன நாளில் வீட்டில் இருந்தவர்கள் அந்த 19 பேர். அவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். உடம்புக்கு முடியாதவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், காலில் காயம் ஆறாதவர்கள். உங்கள் ஆய்வே கை கால் காயம் பற்றியது! அவர்களைக் கலந்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். புதிதாக 40 பேரை எடுங்கள். பழைய 58 பேரின் ப்ரீ டெஸ்ட் வீண் போகாது. வகுப்புக்கு முன் இந்தப் பெண்களின் நிலை என்ன என்று ஒரு தனிப் பகுதியாக எழுதலாம். 39 பேர் ஏன் விடுபட்டார்கள் என்பதையும் திதியோடு சேர்த்து எழுதுங்கள். அடுத்து இந்தக் கரைக்கு வரும் மாணவிக்கு உங்கள் தீசிஸிலேயே அதிகம் உதவப் போவது அந்தப் பத்தியாகத்தான் இருக்கும்.

இந்த 40 பேரை ஏப்ரல் 15க்குள் முடிக்கப் பாருங்கள். அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், ஜூன் 14 வரை 61 நாள். தடை விசைப்படகுகளுக்குத்தான். ஆனால் அதை ஒட்டிப் பாசி எடுப்பதையும் நிறுத்திவைப்பது இந்தப் பக்கம் வழக்கம். எல்லோரும் வீட்டில்தானே இருப்பார்கள், அப்போது எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அறிவை அளக்கும் கேள்விகளை மட்டும் கேட்பதாக இருந்தால் எடுக்கலாம். 'கடந்த வாரம் கடலுக்குப் போனபோது காலில் என்ன போட்டிருந்தீர்கள்' என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? கடலுக்கே போகவில்லையே. காயங்களும் ஆறியிருக்கும். நீங்கள் வகுப்பெடுத்ததால் காயம் குறைந்தது என்று அழகாக ஒரு முடிவு வரும், அது பொய்யாக இருக்கும். இன்னொன்று, வருமானம் நின்ற மாதங்களில் பலர் வேறு கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில்தான் இருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15க்குள் இரண்டு சதுர்த்தி கிடைக்கும். தடவைக்கு 20 பேர். தனித்தனியாக வீடு தேடிப் போகாமல் சாவடியிலோ கோயில் நிழலிலோ கூட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியைப் படித்துக் காட்ட வகுப்புத் தோழிகள் இருவரை அழைத்துப் போங்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி படிக்கிறீர்களா என்று முதல் நாள் உட்கார்ந்து பழகிப் பார்த்துவிடுங்கள். ஒருத்தி விடையையே ஜாடை காட்டிவிட்டால் எல்லாம் போச்சு.

கையெழுத்துக்கு அவர்கள் பயப்படுவதில் காரணம் இருக்கிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே பாசி எடுப்பதில் வனத்துறையோடு இந்தப் பெண்களுக்கு நெடுநாள் இழுபறி. நோட்டும் பேனாவுமாக வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து, 'எந்தத் தீவுக்குப் போவீர்கள்' என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போடச் சொன்னால் யார் போடுவார்கள்? உங்கள் கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இருந்தால் எடுத்துவிடுங்கள். காயத்துக்கு மருந்து போடக் கற்றுக்கொடுக்கத் தீவின் பெயர் தேவையில்லை. ஒப்புதல் படிவத்தை அவர்கள் பேசும் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும், தாள் எந்த அலுவலகத்துக்கும் போகாது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சாட்சி முன்னிலையில் கைநாட்டு வைக்கலாம். கையெழுத்தே ஆபத்தாகத் தோன்றும் இடத்தில், சாட்சியோடு வாய்மொழி ஒப்புதல் பெற எத்திக்ஸ் கமிட்டியிடம் அனுமதி கேட்கலாம். எண்ணிக்கைக்கான கடிதத்திலேயே இதையும் கேட்டுவிடுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் பாசிப் பெண்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு முதலில் வெறுங்கையோடு போய்ப் பேசிவிட்டு வாருங்கள். தாளை மறுநாள் எடுத்துப் போகலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவி தேவைப்பட்டால், கடிதம் போகும் முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருவாய் மாவட்டத்தில் சுகாதார மாவட்டங்கள் இரண்டு, ராமநாதபுரம் ஒன்று, பரமக்குடி ஒன்று. நீங்கள் பரமக்குடிக்காரர் என்பதால் கால் தானாக அந்த அலுவலகத்துக்குத்தான் போகும். உங்கள் பெண்கள் இருப்பது மண்டபம் பக்கம். வட்ட மருத்துவமனை என்றால் இணை இயக்குநரிடமும், ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி என்றால், 2022இலிருந்து அது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பதால், டீனிடமும் போக வேண்டும். தவறான மேஜையில் கிடக்கும் கடிதத்தை யாரும் எடுத்துச் சரியான மேஜையில் வைக்க மாட்டார்கள்.

கைடு விஷயம். புதுக் கைடை நீங்களே தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. இன்னார் விலகிவிட்டார், எனக்கு வழிகாட்டி நியமித்துத் தாருங்கள் என்று முதல்வருக்குத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வர் தலைமையில் குறைந்தது ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும், ஒரு கைடுக்கு அதிகபட்சம் நான்கு மாணவர்கள்தான் என்பதெல்லாம் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சண்டைக்கு எடுக்காதீர்கள், தெரிந்து வைத்திருங்கள். புதியவரிடம் முதல் நாளே முழு ஃபைலையும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவர் கண்ணில் முதலில் படுவது தலைப்பு, உடனே அதை மாற்றலாம் என்று ஆரம்பிப்பார். (நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.) ஒரே ஒரு தாள் போதும். என்ன முடிந்தது, என்ன பாக்கி, எந்தத் தேதியில் அவர் கையெழுத்து வேண்டும் என்று அதில் எழுதிக் கொடுங்கள்.

அதே பாடத்திட்டத்தைச் சொல்லி உங்கள் முதல்வரிடம் இன்னொன்றும் கேட்கலாம். இரண்டாம் ஆண்டில் தீசிஸுக்கு 300 மணி நேரம், சிறப்புப் பிரிவின் களப்பணிக்கு 950 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். மாணவிகள் அந்த 950ஐத் தீசிஸுக்கு எதிரியாகப் பார்க்கிறார்கள். பகல் முழுக்க போஸ்டிங், தீசிஸுக்கு நேரமே இல்லை என்கிறார்கள். நீங்கள் சமுதாய நலப் பிரிவு, உங்கள் போஸ்டிங் எப்படியும் ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தானே? அதை இந்த இரண்டு பதினைந்து நாட்களுக்கு மண்டபம் வட்டாரத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான முதல்வர்கள் மறுக்க மாட்டார்கள். யாரும் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

பணம் கொடுத்து எழுதி வாங்குவது. வெளித்தேர்வாளராகப் போன இடங்களில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு மாணவியிடம், 'உங்கள் போஸ்ட் டெஸ்ட் நாளில் மழை பெய்ததா?' என்று மட்டும் கேட்டேன். நவம்பர் மாதம், கடற்கரைக் கிராமம் என்று தீசிஸில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டாள். எழுதிக் கொடுத்தவர் அந்த அறைக்கு வெளியே கூட இல்லை. நீங்கள் இதில் மனம் போனதை வெளிப்படையாக எழுதியதால் திட்டப் போவதில்லை. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே உண்மையான 58 தாள்கள் இருக்கின்றன. விலைக்கு வாங்குபவர்களிடம் இல்லாதது அதுதான். புள்ளியியலாளருக்கு நியாயமான கட்டணம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறே இல்லை. தாள்களை அவரிடம் விட்டுவிட்டு வந்து, பத்து நாள் கழித்துப் பைண்டிங்கோடு வாங்குவது வேறு விஷயம்.

எழுத்து வேலையில் உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆய்வு முறை அத்தியாயத்தில் ஆரம்பியுங்கள், அது நீங்கள் செய்த வேலை, யோசிக்காமல் கை ஓடும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய தீசிஸ்கள் கிடைக்கின்றன. வடிவத்துக்குப் பாருங்கள், வாக்கியத்துக்குப் பார்க்காதீர்கள். திருட்டுச் சோதனை மென்பொருள் அவற்றைத்தான் முதலில் பிடிக்கும். மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டாமல் சோடெரோ மாதிரி இலவச மென்பொருளில் போட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் அது மிச்சப்படுத்தும் தூக்கம் கொஞ்சநஞ்சமல்ல. தாள்களை அன்றன்று சாயங்காலமே மாஸ்டர் ஷீட்டில் ஏற்றி, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

மகன் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வயதுப் பிள்ளையின் அம்மா ஏற்கெனவே நாலு மணிக்கு விழித்துத்தான் இருப்பாள். பஸ்ஸில் போகவர நேரம் இருக்கிறது அல்லவா, அன்று பார்த்ததைப் போனில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலம் பிறகு வரட்டும். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்ததை ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு நாள் வேலை. அந்த இரண்டு சதுர்த்தி, இரண்டு ஏகாதசிக்கு மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லி வையுங்கள். மொத்தம் நாலு நாள் என்று தேதியோடு கேட்டால் வீட்டில் யாரும் முடியாது என்று சொல்வது கஷ்டம்.

இதைப் படிக்கும் மற்ற மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்பவர்கள் ஏழாம் மாதத்தில் ப்ரீ டெஸ்ட் வைத்துவிட்டு ஒன்பதாம் மாதம் தேடாதீர்கள், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராமேஸ்வரம் விசைப்படகு மீனவர்கள் திங்கள், புதன், சனி கடலுக்குக் கிளம்புவார்கள். அந்த நாட்களில் துறைமுகத்தில் காத்திருந்து பயனில்லை. பள்ளி மாணவிகளிடம் மார்ச்சில் போகாதீர்கள், எந்தத் தலைமையாசிரியரும் உள்ளே விட மாட்டார்.

இன்று என்ன திதி என்று பார்த்துவிடுங்கள். அடுத்த சதுர்த்திக்கு எத்தனை நாள் இருக்கிறதோ, அதற்குள் முதல்வருக்கு ஒரு கடிதம், புள்ளியியலாளரின் கணக்கோடு எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு கடிதம், இரண்டும் போய்ச் சேர வேண்டும். கமிட்டியின் பதிலுக்காகச் சேகரிப்பை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே அனுமதி வாங்கிய அதே முறையில், அதே படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கச் சம்மதிப்பவர்களோடு தொடங்குங்கள். புதிய ஒரு பக்கப் படிவமும் வாய்மொழி ஒப்புதலும் மட்டும் அனுமதி வந்த பிறகு.